கடல்கட்டி பேத்தியின் காதல்: வாசகர் கேள்விகளுக்கு என் பதில்கள்

சென்ற இதழோடு முடிந்த என் குறுநாவலுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கதையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே ஒரு கடலோர ஊர். நாச்சி அங்கே கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறவள். அவள் பாட்டன் முத்துக்குளி காலத்துக் கடல்கட்டி. குளியாளிகள் இறங்குமுன் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அந்த மந்திரம் பேத்தியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஊர் அவளைச் சூனியக்காரி என்கிறது. சங்குகுளிக்கும் அந்தோணிக்கு அவள்மேல் பிரியம், அவளுக்கும் அவன்மேல் அப்படியே.

கீழக்கரை வாசகர்: கடல்கட்டி என்று உண்மையிலேயே ஆட்கள் இருந்தார்களா, கதைக்காக நீங்கள் உண்டாக்கியதா?

இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடல் பக்கம் வந்த மார்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். முத்தெடுக்கும் வணிகர்கள் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுத்தார்கள். மூழ்குகிறவர்களைப் பெரிய மீன்கள் தீண்டாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனது. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான், பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார். இரவில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி அள்ளிவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலேயர் காலத்திலும் இந்த வழக்கம் போகவில்லை. அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளியாளி தண்ணீரில் கால் வைக்க மாட்டான். அதனால் அவருக்குரிய பங்கைக் கொடுத்தே வைத்துக்கொண்டார்கள்.

மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்து முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. எனக்குக் கதை பிறந்தது அந்த இடத்தில்தான். மந்திரத்துக்கு வேலை போய்விட்டது. மந்திரம் தெரிந்த குடும்பம் என்ன ஆகும்? பாட்டனுக்குப் பங்கு கொடுத்துக் கும்பிட்ட ஊர், பேத்தியைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அவர் சொன்னதும் அவள் சொல்வதும் ஒரே மந்திரம். அந்த மந்திரத்தால் பிழைப்பு நடந்தவரை அதற்கு மரியாதை இருந்தது.

பகலில் கட்டினால் பொழுது அடைவதற்குள் அவிழ்க்க வேண்டும் என்ற விதியை அப்படியே கதைக்குள் எடுத்துக்கொண்டேன். அவிழ்க்க மறந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் என் கற்பனை.

பரமக்குடி வாசகி: இவ்வளவு மந்திரம் தெரிந்த நாச்சி ஒரு வசிய மை வைத்திருந்தால் அந்தோணி ஓடி வந்திருப்பானே? எதற்கு இருவரையும் இத்தனை அத்தியாயம் அலையவிட்டீர்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாந்திரீகத்தில் அட்டகர்மம் என்று எட்டு சொல்வார்கள்: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்வேஷணம், மாரணம். ஒருவரைத் தன் பக்கம் இழுப்பதும், இருவரைப் பிரிப்பதும், பகை மூட்டுவதும், கொல்வதும் ஒரே பட்டியலில் வருகின்றன. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒருவன் மனசை அவன் அறியாமல் திருப்புவது, அவனிடமிருந்து அவனையே எடுத்துக்கொள்வது. மாரணத்தில் உடம்பு போகிறது, வசியத்தில் உடம்பு மட்டும் மிஞ்சுகிறது.

நாச்சியிடம் இருப்பது தம்பனம் ஒன்றுதான். ஓடுவதை நிறுத்தலாம், திறந்த வாயைக் கட்டலாம். எதையும் தன் பக்கம் இழுக்க அவளுக்குத் தெரியாது. கதையின் முதல் வரி எழுதுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட்டேன். எல்லாம் செய்ய முடிந்த மந்திரக்காரிக்குக் காதல் கதை கிடையாது, அவளுக்கு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லையே.

மூன்றாம் அத்தியாயத்தில் பாசிக்குப் போகும் பெண்கள் வத்தை என்ற சிறு படகில் உட்கார்ந்து விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே அவளைச் சீண்டுவார்கள், நினைவிருக்கிறதா?

"ஏத்தா நாச்சி, வெத்தலையில கொஞ்சம் மையத் தடவிக் குடுத்தா அந்தப் பய ஒம் பின்னாடியே வர மாட்டானா?"

"வருவான் மதினி. வர்றது அந்தோணியா இருக்க மாட்டான்."

அந்தப் பதிலை எழுதிய பிறகுதான் எனக்கு நாச்சி யார் என்று தெரிந்தது.

வசியத்துக்குச் சொன்னது காவலுக்கும் பொருந்தும். ஆறாம் அத்தியாயத்தில் அவள் அந்தோணியிடம் சொல்லாமலே அவன் குளிக்கும் பாரைச் (கடலடிப் பாறைத் திட்டை) சுற்றிச் சுறாக்களைக் கட்டுகிறாள். அவனுக்குத் தெரிய வந்ததும் சண்டை. "உயிரைக் காப்பாற்றியவளிடம் போய்க் கோபப்படுகிறானே, நன்றிகெட்டவன்" என்று திட்டி எழுதியிருக்கிறீர்கள். நான் அவன் பக்கம். "பயந்துக்கிட்டே எறங்குறதுதான் எந் தொழிலு. அந்தப் பயத்தையும் நீ எடுத்துட்டா நான் எதை வச்சு மூச்சுப் பிடிக்க?" என்று கேட்கிறான். சங்குகுளிக்கிறவனுக்கு எப்போது மேலே ஏற வேண்டும் என்று சொல்வது அந்தப் பயம்தான். அவனுக்கு நல்லது என்று அவனைக் கேளாமல் அவள் முடிவு செய்தது அவள் செய்த தப்பு. அதை அவள் உணர்ந்து, அவன் முன்னால் போய் நின்று, "நாளைக்குக் கட்டட்டுமா, வேணாமா?" என்று கேட்கிற இடம்தான் என் கணக்கில் இந்தக் கதையின் காதல் காட்சி. முத்தக் காட்சியே இல்லையே என்று இன்னொருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்கும் இதே பதில்.

ராமநாதபுரம் வாசகர்: சூனியக்காரிக் காதல், மாயக்காதல் எல்லாம் வெளிநாட்டு நாவல்களின் சரக்கு. நம் மண்ணுக்கு இது எதற்கு?

ஐயா, காமத்துப்பாலின் முதல் குறளை எடுத்துப் பாருங்கள். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்றுதான் அது தொடங்குகிறது. எதிரே நிற்பவள் வருத்தும் தெய்வப்பெண்ணா, மயிலா, மனுஷிதானா என்று மயங்குகிறான். நம் காதல் இலக்கியத்தில் இந்தச் சந்தேகம் அவ்வளவு பழையது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உத்தரகோசமங்கை இருக்கிறது. அந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வலை வீசின படலத்தைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடியிருக்கிறார். வேதப்பொருள் சொல்லும்போது கவனம் சிதறிய உமை, சாபத்தால் பரதவர் மகளாகப் பிறக்கிறாள். நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். அந்தச் சுறாவைப் பிடிப்பவனுக்குத்தான் பெண் என்கிறார் பரதவர் தலைவர். சிவன் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்து அவளை மணக்கிறான். சாபம், உருமாற்றம், சுறா, கடற்கரைக் கல்யாணம் எல்லாம் இதில் இருக்கின்றன. இந்தக் கரையில் மாயக்காதல் எழுத நான் வெளியூர்ச் சரக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தொண்டி பக்கம்: நான் ஒருவரை விரும்புகிறேன். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. வீட்டில் யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி அடுத்த அமாவாசைக்கு ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போகிறார்கள். உங்கள் கதையைப் படித்தபோது அழுதேன். நான் என்ன செய்ய?

தங்கச்சி, உன் கடிதத்தை நான் முதலில் படித்திருந்தால் மற்றவற்றுக்கு அப்புறம்தான் பதில் எழுதியிருப்பேன்.

உனக்குப் பேயும் பிடிக்கவில்லை, செய்வினையும் இல்லை. காதலில் மெலிந்த பெண்ணைப் பார்த்துத் தெய்வக்குற்றம் என்று முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் எடுத்ததைச் சங்கப் பாட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வேலன் கழங்கு போட்டு முருகன் அணங்கியது என்பான். ஆட்டை அறுப்பார்கள். பெண்ணுக்கும் தோழிக்கும் உண்மை தெரியும். வளை கழலக் காரணம் ஒரு மலைநாட்டான். அந்தப் பாட்டுகளில் தோழி வாயைத் திறந்து சொல்கிறாள். உனக்கு இப்போது அப்படி ஒருத்தி வேண்டும். உன் வீட்டில் அத்தையோ மதினியோ அப்பத்தாவோ, உன் பேச்சுக்குக் காது கொடுக்கிற ஒருவரிடம் அமாவாசைக்கு முன்பே சொல்லிவிடு. அம்மாவிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் அவர் சொல்லட்டும்.

சாப்பாடும் தூக்கமும் போய்க் கொஞ்ச நாளாயிற்று என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதல் நோய் என்பதால் சொல்லவில்லை. தூங்காத உடம்பு எதையும் தாங்காது. 14416 என்ற எண் டெலி மானஸ் மனநல உதவிக்கானது. காசு கிடையாது, தமிழில் பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். உன்னைக் கட்டாயப்படுத்தி இழுத்துப்போனாலோ, அடித்தாலோ, அறையில் பூட்டினாலோ 181-ஐ அழை. அது பெண்களுக்கான உதவி எண்.

உன் பெற்றோர் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பயந்திருக்கிறார்கள். ஆனால் பயந்த குடும்பங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவில் போய் வேண்டிக்கொள்வது வேறு. எல்லா மதத்து மக்களும் அங்கே போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். சங்கிலி போட்டது வேண்டுதல் இல்லை. அந்த 28 பேரில் எத்தனை வீடுகள் "பேய்தான், சரியாகிவிடும்" என்று நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இந்த இதழ் உன் கைக்கு வருவதற்குள் ஆசிரியர் குழு மூலம் உனக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். பதில் போடு.

சென்னை வாசகர்: ராமநாதபுரம் கடற்கரை, அமானுஷ்யம் என்றதும் தனுஷ்கோடி வரும் என்று எதிர்பார்த்தேன். இடிந்த தேவாலயம், நிலா வெளிச்சம், ஆவி என்று எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்! ஏன் விட்டீர்கள்?

வேண்டுமென்றேதான் விட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அங்கே செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த பிறகும் கம்பிப்பாட்டிலும் மூன்றாம் சத்திரத்திலும் குடும்பங்கள் கொட்டகை போட்டு மீன்பிடித்து வாழ்கின்றன. நீங்கள் இடிபாட்டுக்குப் போகிற வழியில் கருவாடும் சங்கும் விற்கிற பெண்கள் அவர்கள்தான். அவர்கள் வீட்டுச் சாவை என் கதைக்கு நிலா வெளிச்சமாகப் போட எனக்கு மனம் வரவில்லை.

தென்கடலே எனக்குப் போதுமாக இருந்தது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அது கலங்கிக் கிடக்கும், குளியாளிக்கு ஒன்றும் தெரியாது. அதே நாளில் ராமேஸ்வரம் தீவைத் தாண்டி வடக்கே வந்தால் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஒரு ஊரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு குணமுள்ள கடல் இருக்கும்போது ஆவி எதற்கு?

திருவாடானை வாசகர்: எங்கள் தெருவில் தனியாக வாழும் ஒரு கிழவி செய்வினை வைப்பவள். எங்கள் மாடு செத்ததும், என் தம்பிக்குத் தொழில் நொடித்ததும் அவளால்தான். நீங்கள் அப்படிப்பட்டவர்களைக் கதாநாயகி ஆக்கி எழுதுவது சரியா?

அந்த அம்மாவை நீங்கள் எதுவும் செய்துவிடாதீர்கள். முதலில் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை முழுசாகப் படித்தேன். மாடு இரை எடுக்காமல் இரண்டு நாள் வயிறு உப்பிக் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவரை அழைத்ததாக எழுதவில்லை. தம்பி வட்டிக்கு வாங்கிப் படகு எடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிழவி செய்ததாக ஒரு காரியமும் கடிதத்தில் இல்லை. அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறாள், அவ்வளவுதான்.

என் அப்பத்தாவும் எங்களுக்குச் சுத்திப் போடுவாள். எங்கள் பக்கத்து முண்டு மிளகாய், கல்லுப்பு, வாசல் மண். அடுப்பில் போட்டு நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்பாள். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு, அவள் கை எங்கள் தலையைச் சுற்றி வரும்போது தூக்கம் சொக்கும். ஆனால் அவள் ஒரு நாளும் யார் கண் என்று பேர் சொன்னதில்லை. "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, போற கண்ணு, வர்ற கண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பேர் சொல்லித் தொடங்கினால் அது கல்லெறியில் போய் முடியும்.

சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்கவே பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் தனிச் சட்டம் போட்டன. பெரும்பாலும் அடிபட்டவர்கள் விதவைகள், தனித்திருப்பவர்கள், கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள். உங்கள் தெருக் கிழவிக்கும் அந்த வீட்டுமனை ஒன்று இருக்கிறது என்று கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டாம் முறையும் படித்தேன்.

நாச்சியை நான் கதாநாயகி ஆக்கியது இதற்காகத்தான். ஊர் தூரத்தில் நின்று சூனியக்காரி என்று கைகாட்டும் பெண்ணின் பக்கத்தில் வாசகரை உட்கார வைக்க வேண்டும். அவள் கஞ்சி குடிப்பதை, பாசி அறுத்த விரலில் எண்ணெய் தடவுவதை, ஒருவன் பேர் கேட்டதும் முகம் சிவப்பதைப் பார்க்க வைக்க வேண்டும்.

சாயல்குடி வாசகி: அந்தோணி வேதக்காரர், நாச்சி இந்து. கல்யாணம் எந்த முறைப்படி என்று சொல்லவே இல்லையே?

இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் அம்மா.

தேவிபட்டினம் வாசகர்: கடைசியில் நாச்சி மந்திரத்தை ஏன் கடலில் விட்டாள்? காதலுக்காகப் பெண்தான் எதையாவது விட வேண்டுமா?

நல்ல கேள்வி, நான் தூங்காமல் யோசித்த கேள்வி. முதலில் எழுதியபோது அந்தோணிக்காக அவள் மந்திரத்தைத் துறப்பதாகத்தான் வந்தது. நீங்கள் கேட்டதையே என்னையும் கேட்டுக்கொண்டு அதைக் கிழித்தேன்.

இதழில் வந்த முடிவைத் திரும்பப் பாருங்கள். அவள் மந்திரத்தை விடவில்லை, கட்டை அவிழ்க்கிறாள். பாட்டன் கடைசியாகக் கட்டிய ஒரு பார், கடைசி முத்துக்குளிப்புக்குப் பிறகு அவிழ்க்க ஆள் இல்லாமல் அப்படியே கிடந்தது. பங்கு கொடுக்க யாரும் இல்லாததால் அவர் சாயங்காலம் கரைக்கு வரவில்லை. கட்டுப்பட்ட கடலின் பசிதான் அத்தனை வருஷமும் அந்தக் குடும்பத்தைத் தின்றது. அதைத்தான் நாச்சி அவிழ்த்துவிடுகிறாள். மந்திரம் அவள் வாயில் அப்படியே இருக்கிறது. வேண்டும்போது, கேட்டவர்களுக்கு, பகலில் மட்டும். அந்தோணியும் ஒன்றை விடுகிறான். அவளோடு பேசியதற்காக அவனைப் படகில் ஏற்ற மறுத்த சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) திரும்பிப் போகாமல் தானே ஒரு பழைய வத்தையைச் செப்பனிடுகிறான்.

முதுகுளத்தூர் கல்லூரி மாணவி: நானும் இப்படி மந்திரமும் காதலும் கலந்த குறுநாவல் எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

மந்திரத்தில் தொடங்காதே, பிழைப்பில் தொடங்கு. உன் கதாநாயகி காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறாள்? நாச்சிக்காக நான் பாசிப் பெண்களோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில்தான் போவார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒரு விலை, கஞ்சிப்பாசிக்கு ஒரு விலை. காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கண்ணாடி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் எங்கே போகலாம், எங்கே கூடாது என்ற கவலை அவர்கள் பேச்சில் எப்போதும் இருக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு அவளிடம் ஒரு மந்திரத்தைக் கொடுத்தால் அதை எங்கே பயன்படுத்துவாள், எங்கே மாட்டாள் என்று அவளே சொல்லிவிடுவாள்.

பிறகு மந்திரத்துக்கு மூன்று விஷயம் முடிவு செய். யாரிடமிருந்து அவளுக்கு வந்தது, எதை அதனால் செய்யவே முடியாது, ஒவ்வொரு முறையும் அவள் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது. நாச்சிக்கு ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நாள் பேச்சு போய்விடும். காதலிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எழுத எழுதத்தான் தெரிந்தது.

குறுநாவலுக்கு இரண்டு பேர், ஒரு ஊர், ஒரு பருவம் போதும். பத்து மந்திரவாதிகளையும் ஒரு சாம்ராஜ்யத்தையும் உள்ளே விடாதே. உன் ஊர் கடல் இல்லாத ஊர், அதனால் கண்மாயும் கருவேலங்காடும் கரிமூட்டமும் உனக்கு இருக்கின்றன. மூட்டம் போடுகிறவளுக்குத் தீயைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத என்னென்ன தெரியும் என்று போய்க் கேள். அவளும் அவனும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடத்தை மட்டும் எழுதி, மந்திரம் எதுவும் இல்லாமல், ஆசிரியர் முகவரிக்கு அனுப்பு. படித்துவிட்டு எழுதுகிறேன்.